வரிசையில் நின்ற சேர்மன்

வரிசையைக் கண்டால் அக்காவுக்குக் கால் தானாக நின்றுவிடும். ரேஷன் கடையோ, ஆஸ்பத்திரியோ, கல்யாண வீட்டுப் பந்திக்கு முன்னால் கூடுகிற கூட்டமோ, எங்கே நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றாலும் கடைசி ஆளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்வாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் இங்கன நின்னுக்கிடுதேன், நீங்க போங்க" என்பாள். அந்த 'நீங்க' அநேகமாக அவள் வீட்டுக்காரர். அவர் அதற்குள் வரிசையின் முன்பக்கம் போய் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் பக்கத்து ஒன்றியத்துக்கு ஒரு தடவை சேர்மனாக இருந்தவள் அந்த அக்கா. அரசாங்கத் தாளில் ஊராட்சி ஒன்றியக் குழுத் தலைவர் என்று இருக்கும். சுற்றுக் கிராமங்களின் ரோடு, குடிதண்ணீர், பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாம் அந்த நாற்காலியின் கையெழுத்து விழுந்தால்தான் நகரும். ஆனால் சேர்மன் என்று ஊரில் யார் சொன்னாலும் அது அவளைக் குறிக்காது. வீட்டுக்காரர்தான் 'சேர்மன் அண்ணாச்சி'. அவள் 'சேர்மன் வீட்டு அக்கா'. கையெழுத்து அவளுடையது, பேர் அவருடையது. இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை, எனக்கு மட்டும்தான் இருந்தது.

நடந்தது இதுதான். அண்ணாச்சி பல வருடமாகக் குறி வைத்திருந்த இடம், தேர்தல் வந்த நேரத்தில் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அவர் அசரவில்லை. அடுப்படியில் நின்ற அக்காவைக் கூப்பிட்டு வேட்புமனுவில் கையெழுத்து வாங்கினார். சுவரொட்டியில் அவர் படம் ஆள் உயரம், கும்பிட்ட கையோடு. அக்காவின் படம் ஒரு மூலையில், தபால் தலை அளவுக்கு. ஜெயித்தபிறகு ஒன்றிய அலுவலகத்தில் சுழல் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்தாள். அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நான் பாளையங்கோட்டை கோர்ட்டில் வக்கீல். எனக்கும் அக்காவுக்கும் பிறந்த தெரு ஒன்றுதான். அவள் என்னைவிட நன்றாக மூத்தவள். என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுகிற உரிமை இன்றைக்கும் அவளுக்கு மட்டும்தான் உண்டு. இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள். போனில் பேசினால் அங்கே எந்தக் கடையில் எவ்வளவு நீளத்துக்கு வரிசை நிற்கிறது என்றுதான் முதலில் சொல்லுவாள். எனக்கோ வரிசை என்றாலே உடம்பு எரியும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வம்சம் நான். அதனால் அக்காவின் இந்தப் பொறுமையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாசமும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

டவுண் கோயிலுக்கு ஒரு தடவை அவர்களோடு போயிருந்தேன். ஆனித் திருவிழா சமயம். ரதவீதி முழுக்கத் தலைதான். அண்ணாச்சி முன்கூட்டியே யாரிடமோ சொல்லி வைத்து, பக்கத்து வாசல் வழியாக மாலையோடு விறுவிறுவென்று உள்ளே போனார். நானும் பின்னாலேயே நுழைந்துவிட்டேன், எனக்கு அதில் கூச்சமே கிடையாது. சன்னதிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். அர்ச்சனை யார் பேருக்கு என்று அர்ச்சகர் கேட்கிறார், அண்ணாச்சிக்கு அக்காவின் நட்சத்திரம் தெரியவில்லை. கோபமாக வெளியே வந்து அல்வாக் கடை வாசலில் நின்றோம். வெகுநேரம் கழித்து, வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டிக் கிடக்க, முகமெல்லாம் சிரிப்பாக அக்கா வந்தாள்.

"ஏளா, எங்க போன?" என்றார் அண்ணாச்சி.

"வரிசையில நின்னேன்."

"நான்தான் எல்லாம் சொல்லி வச்சிருந்தேன்லா?"

"சொல்லி வச்சிருந்திய. எனக்கு முன்னால ஒரு அம்மா நின்னுச்சு. மகளுக்குப் பிரசவம் நாளைக்கோ மறுநாளோன்னு இருக்காம். அந்தப் புள்ளைக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இவளை வைத்துக்கொண்டு நான் எப்படி அரசியல் பண்ண என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அதைவிட அநியாயம், கலெக்டர் ஆபீசில் நடந்தது. திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். ஒரு குக்கிராமத்துக்குத் தண்ணீர்க் குழாய் சம்பந்தமாக மனு கொடுக்க இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். அண்ணாச்சி நேராக உதவியாளர் அறைக்குப் போய், தெரிந்தவரைத் தேடி உட்கார்ந்துவிட்டார். அக்கா வெளியே, மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் போய் நின்றாள். எனக்கு அன்றைக்கு அங்கே வேறு வேலை. நான் பார்க்கும்போது அந்த ஆள் அவளிடம், "பேரு சொல்லுங்க. ஊரு சொல்லுங்க. என்ன தொழில்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா யோசிக்கவே இல்லை. "வீட்டுல இருக்கேன்" என்றாள். ஒன்றியத்தின் சேர்மன், தன் ஒன்றியத்துக்குக் குழாய் கேட்டு, வீட்டில் இருக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். குழாய் என்னவோ வந்துவிட்டது. திறப்பு விழாவில் அண்ணாச்சி பேசினார்.

மனு கொடுத்த அன்றைக்கு, அண்ணாச்சி வண்டியில் முன்னால் போய்விட, நானும் அக்காவும் திரும்பும்போது எனக்குத் தாங்கவில்லை. டவுண் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"நீங்கதானக்கா சேர்மன்? ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கிய?"

"எனக்கு முன்னால அவுக நிக்காகல்லா. அவுக முடிக்கட்டும். நமக்கு வரும்."

"அந்த வரிசை நகராதுக்கா. அங்கன நீங்க சாகுற வரைக்கும் நிக்கணும்."

"சவத்த விடுட்டி" என்று சொல்லி, மடியிலிருந்த பையைத் திறந்து எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள். வரிசையில் கிடைத்ததாம். எனக்கு அழுகை வராத குறை. ஒரு மனுஷி இப்படியும் தன்னை அழித்துக்கொள்வாளா என்று அவள் மேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்த வரிசையை நகர்த்தியது ஒரு புகார். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் எழுதிப் போட்டுவிட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் பொம்மையாக இருக்கிறார், கணவர்தான் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் நடத்துகிறார், பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று. அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. சென்னையில் நேரில் ஆஜராகி விளக்கம் சொல்ல வேண்டும், வராவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று அக்கா பெயருக்கு நோட்டீஸ் வந்தது. வக்கீலாக என்னைப் பிடித்தார்கள். நான் மறுப்பு எழுதித் தயார் செய்தேன். அத்தனையும் பச்சைப் பொய், ஆனால் நல்ல ஆங்கிலம்.

"நீங்க வரக்கூடாது அண்ணாச்சி" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "நீங்க எல்லா இடத்துக்கும் வாறியங்கிறதுதான் கேஸே. அங்கயும் வந்து உக்காந்தா, புகார நாமளே நிரூபிச்ச மாதிரி ஆயிரும்."

"நான் வராம? அவளுக்கு என்ன பேசத் தெரியும்? நான் பேசிக்கிடுதேன் வக்கீலம்மா, நீங்க பயப்படாதிய."

ராத்திரி ரயில் இருக்கிறது என்று சொன்னேன். சேர்மன் ரயிலில் போனால் மரியாதை இல்லை என்று விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டார். பக்கத்து மாவட்டத்தில் சின்னதாக ஒரு விமான நிலையம். மதியம் விசாரணை, காலை விமானத்தில் போனால் சரியாக இருக்கும், அதை விட்டால் வேறு வழி இல்லை. அண்ணாச்சி அதுவரை விமானம் ஏறியதில்லை. ஆனால் விமான நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குச் சோதனை கிடையாது, தனி வழியில் நேரே விட்டுவிடுவார்கள் என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தார். காரில் போகும்போது பூராவும் அதே பேச்சு.

"மத்திய மந்திரி, கவர்னர், முதலமைச்சர், அந்த மட்டத்துல உள்ளவங்களுக்குத்தான் அண்ணாச்சி அது. எம்.எல்.ஏ.வே அந்தப் பட்டியல்ல கிடையாது" என்றேன்.

"எம்.எல்.ஏ.க்கு ஒரு தொகுதி. நமக்கு எத்தன ஊரு தெரியுமா?"

அக்கா பின்சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்த மறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாச்சி அந்தப் பலகையைத்தான் தேடினார். பாதுகாப்புச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் என்று போட்டு, குடியரசுத் தலைவர் தொடங்கி வரிசையாக எழுதியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலேயிருந்து கீழே வரை விரலால் தடவிப் பார்த்தார். கீழேயிருந்து மேலே ஒரு தடவை. பிறகு அங்கே நின்ற காவலரிடம், "ஒன்றிய சேர்மன எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். அந்தக் காவலர் வடக்கத்திக்காரர். பலகையைக் காட்டினார், வரிசையைக் காட்டினார், சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அண்ணாச்சிக்கு ஏறிவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா அதற்குள் பெண்கள் வரிசையின் கடைசியில் போய், முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். நானும் வேறு வழியில்லாமல் அவள் பின்னால் நின்றேன். எங்களுக்கு முன்னால் மேலப்பாளையத்துக்காரி ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு. அக்கா உடனே குழந்தையின் பெயர் கேட்டு, பல் முளைத்துவிட்டதா என்று கேட்டு, ஐந்து நிமிஷத்தில் அது அக்காவின் தோளுக்கு மாறிவிட்டது.

பெண்களைச் சோதிக்கத் திரை போட்ட ஒரு தடுப்பு இருந்தது. அக்கா உள்ளே போனதும் கருவி கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. நான் வெளியே பதறினேன். விஷயம் ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பெண்கள் தாலிச் செயினில் ஊக்கு கோத்து வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு யாருக்காவது உதவும் என்று. அக்கா ஒரு கொத்தே கோத்திருந்தாள். உள்ளே இருந்த பெண் காவலருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. வெளியே வந்த அக்கா, "ஜாக்கெட்டுக்கு அளவெடுக்குத மாதிரி கையத் தூக்கச் சொல்லுதாட்டி. அவ சட்டையில ஒரு பித்தான் விட்டுப் போயிருந்துச்சு. ஒரு ஊக்கு கொடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டா" என்றாள். சோதனை முடிந்ததற்கு அடையாளமாக போர்டிங் பாஸில் முத்திரை விழுந்துவிட்டது. எனக்கும் விழுந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சை வாங்குவதற்குள் ஆண்கள் பக்கம் சத்தம் கிளம்பியது.

அண்ணாச்சி வரிசையை விட்டு விலகி முன்னால் போய், பையை மட்டும் எக்ஸ்ரே பெல்ட்டில் தள்ளிவிட்டு நின்றிருக்கிறார். பைக்குள் ஒரு பாக்குவெட்டி. வெற்றிலை போடுகிறவர், அவருக்கு அது இல்லாமல் முடியாது. கூர்மையான சாமான் விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர், கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு, பணிவாகத்தான் சொன்னார்.

"சேர்மன் பையத் தொறப்பீரோ நீரு?" என்றார் அண்ணாச்சி. "பாக்குவெட்டிதான வே வச்சிருக்கேன், வெடிகுண்டா வச்சிருக்கேன்?"

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இப்படிப் பேசுவார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே அந்த வார்த்தை விழுந்ததும் எல்லாம் நின்றது. பெல்ட் நின்றது. வரிசை நின்றது. துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்தார்கள்.

"சார், அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாது" என்றார் அதிகாரி.

"சொன்னா என்ன செய்வீரு? ஆமா வே, குண்டுதான். என்ன இப்பம்?"

தொழில் தெரிந்தவள் என்பதால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இனி அவர் ஏற முடியாது. அது போனால் போகிறது. கூட வந்தவர்கள் என்று எங்களையும் நிறுத்திவிட்டால், மதியம் அங்கே நாற்காலி காலி என்று எழுதிவிடுவார்கள்.

"நீங்க யாரு? அடையாள அட்டை காட்டுங்க."

"நான் யாருன்னு தெரியாதா? ஒன்றிய சேர்மன் வே, சேர்மன்!" என்று, வாசலில் காட்டிய ஆதாரை விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து சேர்மன் அட்டையை எடுத்து நீட்டினார். எப்போதும் அவர் பையில்தான் இருக்கும் அது.

அதிகாரி அட்டையைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "இதுல ஒரு அம்மா போட்டோல்லா இருக்கு?"

அண்ணாச்சியின் வாய் திறந்தபடியே இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த அட்டையை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

"யாரு இந்த அம்மா?"

"நான்தான்" என்றது ஒரு குரல்.

எனக்குப் பக்கத்திலிருந்துதான் வந்தது, இருந்தும் யார் பேசியது என்று நான் சுற்றும் பார்த்தேன். அக்கா குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனாள். "சேர்மன் நான்தான். அவுக எங்க வீட்டுக்காரவுக."

அதிகாரி விவரம் சொன்னார். இவரை அனுப்ப முடியாது, உட்கார வைத்து எழுதி வாங்கியாக வேண்டும், போலீஸ் வரும். நீங்கள் இரண்டு பேரும் போவதாக இருந்தால் இன்னொரு தடவை முழுச் சோதனைக்கு வர வேண்டும். விமானத்துக்கு நேரம் குறைவு, சட்டென்று முடிவு சொல்லுங்கள்.

"என்ன முடிவு? ஏளா, வா போவோம்" என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்திருந்தது. "நான் இல்லாம நீ அங்கன போயி என்ன செய்வ? எவன்ட்டப் பேசுவ? நாற்காலி போனாப் போகுது. வா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நான் போகலன்னா?"

"பதவி போயிரும்க்கா."

"அவுக இல்லாம நான் மட்டும் போனா?"

"உங்களத்தான்க்கா கூப்பிட்டிருக்காங்க. அவுகள யாருமே கூப்பிடல."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் பின்னால் நடந்துவிடுவாள், காரில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அக்கா அதிகாரியிடம் போனாள். "ஐயா, அவுகள நிழலா ஒரு இடத்துல இருத்தி வைங்க. கோவத்துல பேசிட்டாக, மத்தபடி பாவம். சுகர் இருக்கு, பதினோரு மணிக்கு ஒரு மாத்திர இருக்கு, டிரைவர் வெளிய நிக்கான், அவன்ட்ட சொல்லி வாங்கிக் கொடுங்க. டீ கொடுத்தா சீனி போடாண்டாம். சாயந்திர விமானத்துல வந்து நான் கூட்டிக்கிடுதேன்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுப் போகிற தாய் மாதிரி சொன்னாள். அதிகாரி அவரை அறியாமல் "சரிங்கம்மா" என்றார்.

பிறகு அக்கா செய்ததைத்தான் என்னால் மறக்கவே முடியாது. இரண்டாம் சோதனைக்குப் போகச் சொன்னார்கள் அல்லவா, நேராக நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"அக்கா!" என்று நான் கத்தியேவிட்டேன். "விமானம் போயிரும்க்கா. முன்னால போங்க, விடுவாங்க."

சோதனை முடிந்து அந்தப் பக்கம் நின்ற மேலப்பாளையத்துக்காரிதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இங்கன நிக்குத எல்லாருக்கும் அந்த ஒரு விமானந்தானம்மா? எங்கள விட்டுட்டு அது எங்க போகும்?"

சுற்றிலும் பார்த்தேன். உண்மைதான். அந்த நேரத்துக்கு அங்கிருந்து கிளம்புவது ஒன்றே ஒன்று. முதலில் நுழைந்தவரும் கடைசியில் நுழைந்தவரும் அதில்தான் ஏறியாக வேண்டும். இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் திரை, மறுபடியும் ஊக்குகள், மறுபடியும் கீச் கீச். கடைசி ஆளாக ஏறினோம். கதவு மூடியபோது எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வருத்தமெல்லாம் இல்லை, பாரம் இறங்கினால் எனக்கு அப்படித்தான் ஆகும்.

அக்கா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். "வரிசையில நின்னிருந்தா வந்திருப்பாக" என்றாள் ஒரே ஒரு தடவை. அப்புறம் கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். நான் அவள் மடியில் மறுப்புக் காகிதத்தை எடுத்து வைத்து, எழுந்ததும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று இருந்தேன். எழுந்ததும் அதை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

சென்னையில் விசாரணை அறையில் இருந்த அதிகாரி முதலில் பார்த்தது கதவைத்தான். புகாரைப் படித்திருக்கிறார், கணவர் பின்னாலேயே வருவார் என்று எதிர்பார்த்திருக்கிறார். "உங்க வீட்டுக்காரர் வெளிய இருக்காரா?"

"வரல்ல ஐயா. நான் மட்டுந்தான்."

"அலுவலகத்துல முடிவெல்லாம் அவர்தான் எடுக்கிறார்னு சொல்றாங்களே?"

நான் எழுதி வைத்திருந்த பதில் 'இல்லை' என்று தொடங்கும். அக்கா சொன்னாள்: "ஆமா ஐயா. இத்தன நாளு அவுகதான் செஞ்சாக. நான் பக்கத்துல இருந்து பாத்துட்டேன். இனிமே நான் செய்யுதேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கட்சிக்காரரே குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டார், இனி மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு இன்னும் நிறையக் கேட்டார். தெரிந்ததைத் தெரியும் என்றாள், தெரியாததைத் தெரியாது, கேட்டுச் சொல்லுகிறேன் என்றாள். கடைசியில் இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுவதாகவும், இனி கணவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததாகத் தெரிந்தால் வேறு விதமாக இருக்கும் என்றும் சொன்னார். வெளியே வந்து நான் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, எல்லாரும் பாக்காக" என்று கூசினாள்.

சாயந்திரம் வந்து இறங்கினோம். அண்ணாச்சியை எழுதி வாங்கிக்கொண்டு, அறிவுரை சொல்லி, மத்தியானமே விட்டுவிட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் இரும்பு நாற்காலியில் கசங்கின வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா, "மாத்திர போட்டியளா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினார். எனக்கு அந்த நிமிஷத்தில் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

நான் முன்சீட்டில் ஏறினேன். அவர்கள் இரண்டு பேரும் பின்னால். வல்லநாட்டு மலை தாண்டும்போது அண்ணாச்சி அக்கா பக்கம் திரும்பினார்.

"என்ன கேட்டானுவ?"

ஆபீசில் என்ன நடந்தது என்று அவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னயப் பத்திக் கேட்டானுவளா?"

"கேட்டாக. இத்தன நாளு நீங்கதான் செஞ்சியன்னு சொன்னேன். இனிமே நான் செய்யுதேன்னும் சொன்னேன்."

டிரைவர் கியரை மாற்றுகிற சாக்கில் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். இதோ வெடிக்கப் போகிறது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஆற்றுப் பாலம் வந்தது, போனது.

"நாளைக்கு ஆபீசுக்கு நான் வரணுமாளா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாம். வண்டிய மட்டும் அனுப்புங்க."

"சரி" என்றார் அண்ணாச்சி.